சன்மானம் நீங்கலாக

போன ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் கடுப்பு இன்னும் ஆறவில்லை. ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று அவசர அவசரமாக உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் அடுத்த கூட்டத்துக்குப் பணம் கட்டிவிடுவேன்.

அந்த அழைப்பிதழை உங்களுக்கும் யாராவது வாட்ஸப்பில் தள்ளிவிட்டிருப்பார்கள். 'சுதந்திர எழுத்தாளர்களுக்கான தொழில் மேம்பாடு மற்றும் தொடர்பு வளர்ப்புச் சந்திப்பு.' நடுவில் ஒரு மைக்கூடு, அதில் செருகிய மயிலிறகு. மயிலிறகால் எழுதுகிற ஒரு தமிழ் எழுத்தாளரையும் நான் பார்த்ததில்லை. ஆனால் எழுத்தாளர் என்று சொன்னதுமே டிசைன் செய்கிற தம்பிக்கு மயிலிறகுதான் ஞாபகம் வருகிறது. கீழே பேச்சாளர்களின் படங்கள், அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு. அதற்கும் கீழே கட்டணம் 999 ரூபாய், மதிய உணவு உட்பட.

எழுதிப் பிழைப்பது எப்படி என்று தெரிந்துகொள்ள, எழுதிப் பிழைக்க முடியாதவன் ஆயிரம் ரூபாய் கட்ட வேண்டும். இந்தக் கணக்கு எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்துதான் ஜிபேயில் அனுப்பினேன். நீங்களும் அனுப்பியிருப்பீர்கள். நம் எல்லோருக்கும் உள்ளே ஒரு நப்பாசை: அந்த ஹாலில் நம் பக்கத்து நாற்காலியில் ஒரு பத்திரிகை ஆசிரியர் வந்து உட்காருவார், தொடர் எழுத ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருப்பார், 'நீங்க ஏன் சார் எழுதக் கூடாது' என்று கேட்டுவிடுவார். என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தவரும் இதே ஆசையோடு வந்தவர். என்னை ஆசிரியர் என்று எண்ணித் தன் கவிதைத் தொகுப்பில் 'பேரன்புடன்' என்று கையெழுத்துப் போட்டு நீட்டினார். நான் அவரை ஆசிரியர் என்று எண்ணி ஏற்கெனவே விசிட்டிங் கார்டு கொடுத்திருந்தேன். கார்டைப் படித்ததும் அவர் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது. புத்தகத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாமல், பின்னட்டையில் இருந்த விலையை ஒருமுறை ஏக்கமாகப் பார்த்துவிட்டு, கடைசி வரிசைக்கு எழுந்து போய்விட்டார்.

நான் போனதற்கு உருப்படியான காரணம் ஒன்றும் இருந்தது. நிகழ்ச்சி நிரலில் 12.15 மணிக்கு 'ஒப்பந்தம், சன்மானம், வசூல்' என்று முக்கால் மணி நேர அமர்வு. மற்றவை வழக்கமானவை: உங்களை நீங்களே பிராண்ட் ஆக்குங்கள், லிங்க்ட்இன்னில் ஜொலிப்பது எப்படி, செயற்கை நுண்ணறிவு நண்பனா பகைவனா (இந்தத் தலைப்பில் பட்டிமன்றம் நடக்காத ஊர் இனி தமிழ்நாட்டில் இருக்காது). 12.15 அமர்வு மட்டும் நடக்கவில்லை. நேரமின்மை காரணமாக ரத்து. அந்த நேரத்தைச் சால்வை விழுங்கிவிட்டது.

நடக்காமல் போன அமர்வில் சொல்ல வேண்டியதை நானே இங்கே சொல்லிவிடுவதாக இருக்கிறேன். ஆசிரியரின் மனம் கோணாமல் சன்மானம் கேட்பதற்குச் சோதித்துப் பார்த்த மூன்று உத்திகள் என்னிடம் இருக்கின்றன. அதற்கு முன் சால்வையைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை.

சிறப்பு விருந்தினருக்குச் சால்வை, புரிகிறது. பேச்சாளர்களுக்கு, சரி. ஹால் கொடுத்தவருக்கு, மைக்செட்காரருக்கு, சாப்பாட்டுச் செலவை ஏற்ற ரியல் எஸ்டேட் அதிபருக்கு, அவரோடு காரில் வந்த மைத்துனருக்கு, போகட்டும். "வந்திருக்கிற ஒவ்வொரு எழுத்தாளரும் எங்களுக்குச் சிறப்பு விருந்தினர்தான்" என்று அமைப்பாளர் மைக்கில் அறிவித்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். நான் வாட்சைப் பார்த்தேன். மணி 11.40. ஹாலில் 70 பேருக்குக் குறையாது.

ஒரு சால்வை போர்த்த எவ்வளவு நேரமாகும்? அரை நிமிடம் என்று சொல்கிறவர் மேடை ஏறாதவர். முதலில் பெயரைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டதும் எழுந்துவிடக் கூடாது, மரியாதை போய்விடும். இரண்டாவது முறை பட்டத்தோடு கூப்பிட்ட பிறகு, 'எதுக்குங்க இதெல்லாம்' என்கிற முகத்தோடு எழுந்து வர வேண்டும். அதற்குள் மேடையில் ஒருவர் பாலித்தீன் உறையைப் பிரிக்க முயல்வார். பிரியாது. பல்லால் கடிப்பார். பிரித்த பிறகு ஜரிகை எந்தப் பக்கம் என்று இரண்டு பேர் ஆராய்வார்கள். தோளில் விழப்போகும் சமயம் போட்டோகிராபர் "சார், ஒரு நிமிஷம்" என்பார். போர்த்துகிறவரும் போர்த்தப்படுகிறவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்தபடி, ஒருவரையொருவர் பார்க்காமல், கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நிற்க வேண்டும். ஃபிளாஷ் அடிக்காது. மறுபடியும் முதலிலிருந்து. இந்த இடைவெளியில் மேடை ஓரத்திலிருந்து ஒருவர் படத்துக்குள் தலையை நுழைப்பார். எல்லா இலக்கியக் கூட்டப் படங்களிலும் அவர் இருக்கிறார். அவர் பெயர் இதுவரை யாருக்கும் தெரியாது.

சரி, வாங்கிக்கொண்டு வந்தாயிற்று. அதை என்ன செய்வது? குளிருக்குப் போர்த்தினால் வழுக்கிக்கொண்டு போகிறது. வேர்வையைத் துடைத்தால் வேர்வை இடம் மாறுகிறதே தவிர குறைவதில்லை. தலையணை உறை தைக்கலாம் என்று எடுத்துக்கொண்டு போனேன். தையல்காரர் ஜரிகையை விரலால் நிமிண்டிப் பார்த்துவிட்டு, "கன்னத்தைக் கீறிடும் சார்" என்று மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நவராத்திரிக்குக் கொலுப்படி மேல் விரிக்கலாம், ஆனால் படிகள் ஒன்பதோடு முடிந்துவிடுகின்றன. பீரோவின் கீழ்த்தட்டு முழுக்கச் சால்வை. மாதக் கடைசி ஒன்றில் என் மனைவி அதைத் திறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "ஏங்க, மளிகைக்கடை அண்ணாச்சி இதுல ரெண்டு எடுத்துப்பாரான்னு கேட்டுப் பாருங்களேன்" என்றாள். கிண்டலாக இருந்தால் தாங்கியிருப்பேன். அவள் நிஜமாகவே கேட்டாள்.

அண்ணாச்சி எடுத்துக்கொள்ள மாட்டார். வந்த வழியே அனுப்புவதுதான் முறை. நாம் ஒரு கூட்டம் நடத்தினால் நமக்கு வந்ததை இன்னொருவருக்குப் போர்த்துகிறோம், அவர் வேறொருவருக்கு. ஒருமுறை விளையாட்டாக, ஒரு சால்வையின் உள்மடிப்பில் பால்பாயிண்ட் பேனாவால் சின்னதாக ஒரு புள்ளி வைத்து, ஓர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கு மதுரையில் போர்த்தினேன். ஒரு வருடத்துக்குள் சேலத்தில் அது என் தோளுக்கே வந்து சேர்ந்தது. அதுகூட ஆச்சரியமில்லை. என் புள்ளிக்குப் பக்கத்தில் வேறு யாரோ வைத்த இன்னொரு புள்ளியும் இருந்தது.

இந்தச் சால்வைகளை வருமானத்தில் காட்ட வேண்டுமா என்ற சந்தேகம் வந்து ஆடிட்டரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, ஆடிட்டர்கள் சிரிப்பதில்லை. வருமானவரிச் சட்டத்தில் 194ஆர் என்று ஒரு பிரிவு 2022 ஜூலையில் அமலுக்கு வந்தது. தொழில் செய்கிறவருக்கு அந்தத் தொழில் காரணமாக ஒருவர் ஓராண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் பொருளாகவோ சலுகையாகவோ கொடுத்தால் 10 சதவீத வரி. சால்வையின் மொத்த விலை 150 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே அமைப்பு ஒரே ஆண்டில் எனக்கு 134 சால்வை போர்த்தினால் நான் அந்த வளையத்துக்குள் வந்துவிடுவேன். பத்தில் ஒரு பங்கு அரசுக்கு, அதாவது 13 சால்வை முழுதாகவும் பதினாலாவதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகவும். பொருளாகக் கொடுப்பதில் இன்னொரு நிபந்தனையும் உண்டு: வரி கட்டியாகிவிட்டது என்று உறுதி செய்த பிறகே பொருளைக் கையில் கொடுக்க வேண்டும். ஆக, சட்டத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் 134ஆவது சால்வையை ஏந்தியபடி அமைப்பாளர் மேடையில் நிற்க, நான் சலான் எண்ணைச் சொன்ன பிறகுதான் அது என் தோளைத் தொட முடியும். போட்டோகிராபருக்கும் ஃபிளாஷைச் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும்.

சால்வை போதும். கேடயம் பற்றி நான் பேசப்போவதில்லை. அதில் என் பெயருக்கு முன்னால் 'கவிச்சுடர்' என்று பொறித்திருந்ததையும், நான் ஒரு கவிதைகூட எழுதியதில்லை என்பதையும், பெயரிலேயே ஓர் ஒற்று விட்டுப்போனதையும் அமைப்பாளரிடம் சுட்டிக்காட்டியபோது, "பரவால்ல சார், வெச்சுக்கோங்க" என்று அவர் பெருந்தன்மையோடு சொன்னதையும் பேசப்போவதில்லை.

லிங்க்ட்இன் அமர்வு மட்டும் முழுசாக நடந்தது. பேசிய தம்பிக்கு முப்பது வயதுகூட இருக்காது. படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் போட்டுக்கொண்டால் நாம் வேலைக்குத் தயார் என்று உலகத்துக்குத் தெரியுமாம். நான் அந்த வளையத்தைப் போட்டு நாளாகிறது. அதைப் போட்டதிலிருந்து என்னிடம் வேலை கேட்டுத்தான் செய்திகள் வருகின்றன. அடுத்து நடந்தது சுய அறிமுகம், ஆளுக்கு அரை நிமிடம். தமிழ் எழுத்தாளனுக்கு அரை நிமிடத்தில் தும்மக்கூட வராது. நான்கு பேர் பேசி முடிப்பதற்குள் சாப்பாடு வந்துவிட்டது. சாம்பார் சாதம் நன்றாகவே இருந்தது, அதைச் சொல்லாவிட்டால் பாவம்.

நம் முன்னோர்களுக்கு இந்த வகுப்பெல்லாம் இல்லாமலே தொடர்பு வளர்ந்தது. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவலில் ஒரே ஊர்க்காரர்களான கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதியே நட்பை வளர்த்தார்கள். அழகிரிசாமி சென்னைக்கு வந்தார், கடல் கடந்து மலாயாவுக்குப் போய்த் 'தமிழ் நேச'னில் வேலை பார்த்தார், கடிதம் நிற்கவில்லை. அந்தக் கடிதங்களில் சங்கீதம் இருக்கும், சாப்பாடு இருக்கும், புத்தகம் இருக்கும். 'தங்கள் நெட்வொர்க்கில் இணைவதில் மகிழ்ச்சி' என்று இருவரில் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

தொழில் மேம்பாட்டையும் அந்தத் தலைமுறை ஒரு வழியாகக் கண்டுபிடித்து வைத்திருந்தது. வேறு தொழில் பார்ப்பதுதான் அது. சுந்தர ராமசாமிக்கு நாகர்கோவிலில் ஜவுளிக்கடை. சுஜாதாவுக்குப் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ். வண்ணதாசனுக்கு ஸ்டேட் வங்கி. அடுத்த தலைமுறையில் ஜெயமோகனுக்குத் தொலைபேசித் துறை. அசோகமித்திரன் மட்டும் ஜெமினி ஸ்டூடியோவை விட்டு 1966இல் வெளியே வந்து எழுத்தையே நம்பினார். அதற்கு அவர் கொடுத்த விலை அவர் கதைகளைப் படிக்கிற யாருக்கும் தெரியும். இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு 'முழுநேர எழுத்தாளராகி வெற்றி பெறுவது எப்படி' என்று ஒருவர் வகுப்பெடுக்கிறார், அதற்கு 999 ரூபாய் வாங்குகிறார் என்றால், நம் எல்லோரிலும் உண்மையிலேயே தொழில் தெரிந்தவர் அவர்தான்.

அரசாங்கமும் சும்மா இல்லை. பிரதமர் யுவா திட்டம் என்று 2021இல் ஒன்று வந்தது. தேர்வாகிற இளம் எழுத்தாளருக்கு மாதம் 50,000 ரூபாய், ஆறு மாதத்துக்கு. வயது 30க்குள் இருக்க வேண்டும். முப்பது வயதுக்குள் இருக்கிற எழுத்தாளனுக்கு வீட்டில் அப்பா சோறு போடுகிறார். அப்பாவே 'இனிமே நீதான் பாத்துக்கணும்' என்று சொல்கிற வயதில்தான் நமக்கு உதவித்தொகை தேவைப்படுகிறது. அந்த வயதுக்குத் திட்டம் கிடையாது. சாகித்ய அகாதமி விருது வாங்கியவர்களுக்குக் கனவு இல்லம் என்ற பெயரில் தமிழ்நாடு அரசு வீடு கொடுக்கிறது. நல்ல விஷயம், நான் எதிர்க்கவில்லை. விருது கிடைக்கிற வரைக்கும் வாடகை யார் கொடுப்பார்கள் என்பதுதான் எங்கள் வீட்டுக்காரரின் கேள்வி.

12.15 அமர்வுக்கு வருகிறேன். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நமக்கு எவ்வளவு சாதகமானது என்று தெரிந்தால் அசந்துபோவீர்கள். சம்பளத்துக்கு வேலை பார்க்கிற நிருபர் எழுதியதைப் பத்திரிகையில் வெளியிடும் உரிமை பத்திரிகைக்குச் சொந்தம் என்றால், ஃப்ரீலான்ஸராக நாம் எழுதியது நமக்கே சொந்தம். உரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டுதான். எந்த எல்லைக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். இதெல்லாம் 19ஆவது பிரிவில் இருக்கிறது. நாம் செத்த பிறகும் 60 ஆண்டு நம் எழுத்தின் உரிமை நம் வாரிசுகளுக்குப் போகிறது. என் மகனிடம் இதைச் சொன்னேன். "இப்ப எவ்ளோ வருதுப்பா?" என்று கேட்டான். பேச்சை மாற்றிவிட்டேன்.

சட்டம் இருக்கிறது, கேட்பதற்குத்தான் வாய் வரவில்லை. "கட்டுரை அருமை சார், ஒரு எழுத்தை மாத்தல" என்று போனில் சொல்கிற ஆசிரியரிடம், அடுத்த வாக்கியமாக 'பணம் எப்ப சார் வரும்' என்று எப்படிக் கேட்பது? கேட்டால் அந்தப் பக்கம் ஒரு மௌனம். பிறகு, "அக்கவுண்ட்ஸ்ல சொல்றேன்." அக்கவுண்ட்ஸில் இருப்பவரைக் கூப்பிட்டால், "எடிட்டர் இன்னும் சொல்லலையே சார்." பதிப்பகம் என்றால் வேறு ராகம். ராயல்டி கேட்டால் 'புத்தகக் கண்காட்சி முடியட்டும்.' முடிந்ததும் கேட்டால் 'விற்காத பிரதியெல்லாம் திரும்பி வரட்டும்.' திரும்பி வந்ததும் கேட்டால், நம் புத்தகம்தான் எல்லாவற்றையும்விட அதிகமாகத் திரும்பி வந்திருக்கிறது என்று வருத்தத்தோடு சொல்வார்கள். சென்னைப் புத்தகக் கண்காட்சி 1977இலிருந்து நடக்கிறது. அன்றிலிருந்து இதே உரையாடலும் நடந்துகொண்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

பணம் வந்துவிட்டால் அடுத்தது வரி. தொழில்முறைக் கட்டணத்தில் வரி பிடிப்பதற்கான வரம்பை 2025 ஏப்ரலிலிருந்து 30,000 ரூபாயிலிருந்து 50,000 ஆக உயர்த்தியிருக்கிறார்கள். நண்பர்கள் வாழ்த்துச் சொன்னார்கள். ஒரே இடத்திலிருந்து ஒரே ஆண்டில் பழைய வரம்பைத் தொட்டிருந்தால் நானும் மகிழ்ந்திருப்பேன். வருமானவரித் துறையின் விதிகளில் சினிமாவுக்குக் கதை, திரைக்கதை, வசனம், பாட்டு எழுதுகிறவர்கள் நடிகர், ஒளிப்பதிவாளர், உடை வடிவமைப்பாளர் வரிசையில் 'திரைக் கலைஞர்' என்று இடம்பெற்றிருக்கிறார்கள். பத்திரிகைக்கு எழுதுகிறவனைப் பற்றி அந்த வரிசையில் ஒரு சொல்கூட இல்லை. தனியாகக் குறிப்பிடுகிற அளவுக்கு அவனிடம் என்ன இருந்துவிடப் போகிறது என்று விட்டிருப்பார்கள்.

ஆக, அந்த மூன்று உத்திகள். முதலாவது, கட்டுரையை அனுப்புவதற்கு முன்பே, அதாவது அவர்கள் கேட்கிற அன்றைக்கே... இதை எழுதிக்கொண்டிருக்கும்போது போன் ஒலிக்கிறது. கூட்டத்துக்கு வந்தவர்களையெல்லாம் சேர்த்து வாட்ஸப் குரூப் ஆரம்பித்துவிட்டார்கள். 1,024 பேர் வரை சேர்க்கலாமாம், சேர்த்துவிடுவார்கள். தொடர் சந்திப்பு மாதாமாதம் ஜூமில். இலவசக் கணக்கு என்பதால் 40 நிமிடத்தில் துண்டிக்கப்படும். வரவேற்புரைக்கு அது சரியாக இருக்கும்.

குரூப்பில் அப்போதிலிருந்து ரோஜாப்பூவும் காபிக் கோப்பையும் வந்து விழுகின்றன. 'வாழ்த்துகள் ஐயா', 'தங்கள் ஆசி', கும்பிடும் கைகள். மத்தியானம் மட்டும் ஓர் அதிசயம் நடந்தது. வெப்சீரிஸ் ஒன்றுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுத ஆள் தேவை, நிமிடத்துக்கு இவ்வளவு ரூபாய், முன்பணம் பாதி என்று ஒருவர் போட்டார். நான் கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று வந்துவிட்டது. தவறான குரூப்பில் போட்டுவிட்டாராம், மன்னிப்புக் கேட்டிருந்தார். அதற்கு 31 பேர் கும்பிடும் கை போட்டிருந்தார்கள். சரியான குரூப் எது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒவ்வொருவரும் அவருக்குத் தனியாகத்தான் செய்தி அனுப்பியிருப்பார்கள். நான் அனுப்பினேன். இதுவரை நீல டிக் வரவில்லை.

அதனால் உங்களிடம் ஒரு விண்ணப்பம். எழுதியதற்குப் பணம் கொடுக்கிற பத்திரிகை, ஒப்பந்தத்தில் தேதி போடுகிற பதிப்பகம், கேட்காமலே முன்பணம் அனுப்புகிற ஸ்டூடியோ எதுவானாலும் உங்களுக்குத் தெரியவந்தால் எனக்கு ஒரு வார்த்தை தனியாகச் சொல்லுங்கள். தயவுசெய்து குரூப்பில் போட்டுவிடாதீர்கள்.